கட்டுமரப் படத்தைக் கொடுத்தாயிற்று, மூலக்கோப்பையும் கொடுக்க வேண்டுமா?

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ஊரைத் தவிர அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே சொல்லப்போவதில்லை, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா கட்டுமரம் கட்டத் தெரிந்தவர். 2004 சுனாமிக்குப் பிறகு சுற்றிலும் எல்லாரும் பைபர் படகுக்கு மாற, அவரும் மாறினார், இப்போது கடலுக்கே போவதில்லை. மகள் தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வந்து, கட்டப்போகும் வீடுகளுக்கு 3டி படம் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ஒரு வருடம் போல ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நடுமரம் எவ்வளவு நீளம், ஓரமரம் எந்த இடத்தில் வளையும், அணியத்தில் (முன்முனையில்) கயிறு எத்தனை சுற்று என்று கேட்டுக் கேட்டு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு கட்டுமரத்தைச் செய்து முடித்திருக்கிறார். அதிலிருந்து முழு மரம் ஒன்று, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது ஒன்று, முடிச்சு மட்டும் பெரிதாக ஒன்று என மூன்று படங்களை ரெண்டர் செய்து (மாடலிலிருந்து படமாக எடுத்து), யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் ஏற்றினார்.

மூன்று மாதம் முன்பு நாகப்பட்டினம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அவருக்கு எழுதினார். கட்டுமரத்தின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி, பாகங்களுக்குத் தமிழில் பெயர் எழுதி வகுப்பில் காட்ட வேண்டும், பிளெண்ட் கோப்பு, அதாவது அந்தப் படங்களை எடுத்த 3டி மாடலின் மூலக்கோப்பு, கிடைக்குமா என்று. இவர் என்ன சொல்வது என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டார். அடுத்த மெயிலில், "கட்டற்ற உரிமத்தில் கொடுத்துவிட்டால் மூலக்கோப்பையும் கொடுத்தே ஆக வேண்டும், அதுதான் சட்டம்" என்று ஆசிரியர் கொஞ்சம் சூடாகவே எழுதிவிட்டார். கூட வேலை செய்பவர், கொடுத்தால் நாளைக்கே யாராவது 3டி பிரிண்டரில் அச்சுப் போட்டு பாண்டி கடைத்தெருவில் பொம்மையாக விற்பார்கள் என்கிறார். முதலாளியோ, ஆபீஸ் லேப்டாப்பில் செய்தது ஆபீஸுக்குத்தான் சொந்தம் என்கிறார். இத்தனைக்கும் நடுவில், பேசாமல் உரிமத்தையே திரும்ப வாங்கிவிடலாமா, கம்ப்யூட்டர் உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை என்று ஒன்று உண்டா, இல்லை படத்தை நாட்டுடைமை ஆக்கியாயிற்று, இனி கேட்க எதுவுமே இல்லையா என்று குழம்பிப் போயிருக்கிறார். கடைசி வரியில், அப்பாவின் பெயரையும் எங்காவது போட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் நேராகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மூலக்கோப்பைக் கொடுக்க வேண்டிய சட்டக் கட்டாயம் உங்களுக்கு இல்லை. இருந்தாலும் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் இன்றைக்கே இருக்கிறபடி தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், நீங்கள் இணைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்த பிறகு இதை அழுத்தியே சொல்கிறேன். அதில் நீங்கள் கேட்காத ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நாட்டுடைமை பற்றிய பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949ல் அரசு வாங்கி, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது நம் எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால், "கட்டற்ற உரிமம்" என்றதும் பலருக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. இது வேறு. நீங்கள் கொடுத்தது ஒரு அனுமதி, அதுவும் நிபந்தனையோடு: என் பெயரைச் சொல்லுங்கள், உரிமத்தைக் குறிப்பிடுங்கள், மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்லுங்கள், மாற்றியதை வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் வெளியிடுங்கள். பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது, நம் சட்டப்படி உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் இருக்கும். பதிவு செய்தால்தான் உரிமை என்பதும் இல்லை, படைத்த கணத்திலேயே வந்துவிடுகிறது.

கம்ப்யூட்டர் உருவாக்கியதற்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு, 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தின்போதே பதில் எழுதிவிட்டார்கள். கணினியால் உருவாக்கப்பட்ட கலைப்படைப்புக்கு, அது உருவாகக் காரணமாக இருந்த நபரே படைப்பாளி என்கிறது 2ஆம் பிரிவு. உங்கள் விஷயத்தில் அந்த வரிகூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். மரத்தின் ஒவ்வொரு வளைவையும் நீங்கள் உங்கள் கையால் இழுத்து வைத்திருக்கிறீர்கள், பிளெண்டர் உங்களுக்கு உளி மாதிரி. பிளெண்டர் ஜிபிஎல் என்ற மென்பொருள் உரிமத்தில் இருப்பதால் அதில் செய்ததெல்லாம் ஜிபிஎல் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மென்பொருளின் உரிமம் மென்பொருளுக்குத்தான், அதில் நீங்கள் செய்த படமும் கோப்பும் உங்களுடையவை.

ஆசிரியர் சொல்வது எங்கே சரி, எங்கே தவறு

அவர் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை, இரண்டு உலகங்களை ஒன்றாகக் குழப்பிவிட்டார். மென்பொருள் உலகில் ஜிபிஎல் என்ற உரிமம், நிரலைக் கட்டி முடித்து ஒருவருக்குக் கொடுத்தால் அதன் மூலத்தையும் அவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. "மூலம்" என்றால் என்ன என்பதற்கு அது கொடுக்கிற விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒரு படைப்பில் மாற்றம் செய்வதற்கு எந்த வடிவத்தை விரும்புவோமோ அந்த வடிவம். 1991ல் வந்த இரண்டாம் பதிப்பிலும் 2007ல் வந்த மூன்றாம் பதிப்பிலும் இதே விளக்கம்தான். உங்கள் கட்டுமரத்துக்கு அந்த வடிவம் பிளெண்ட் கோப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் நீங்கள் போட்டது ஜிபிஎல் அல்ல. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் எதிலும், பை-எஸ்ஏ உட்பட, மூலக்கோப்பைக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. நீங்கள் உரிமம் கொடுத்தது பொதுவகத்தில் ஏற்றிய மூன்று படங்களுக்கு. பிளெண்ட் கோப்பு இன்னும் உங்கள் கணினியைவிட்டு வெளியே வரவில்லை, அதற்கு நீங்கள் யாருக்கும் எந்த உரிமமும் கொடுக்கவில்லை. அந்த ஆசிரியர் உங்கள் படத்தைப் பார்த்து அதே மாதிரி ஒரு 3டி மாடலைத் தானே செய்துகொள்ளலாம், அதற்கு அனுமதி இருக்கிறது, செய்து வெளியிட்டால் உங்கள் பெயரும் அதே உரிமமும் வர வேண்டும், அவ்வளவுதான். கோப்பைக் கொடு என்று கேட்டு வழக்குப் போட முடியாது.

அதே சமயம் அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கட்டற்ற படைப்பு எது என்பதற்கு 'கட்டற்ற பண்பாட்டுப் படைப்புகளின் வரையறை' என்று ஓர் ஆவணம் இருக்கிறது. விக்கிமீடியா அறக்கட்டளை 2007ல் எடுத்த உரிமக் கொள்கைத் தீர்மானமே அதை அடிப்படையாக வைத்துத்தான். ஒரு படைப்பு மூலக்கோப்பிலிருந்து செய்யப்பட்டதென்றால் அந்த மூலமும் அதே நிபந்தனைகளில் கிடைக்க வேண்டும் என்று அந்த வரையறை சொல்கிறது. உதாரணம் காட்டும்போது இசைக்கான குறிப்புகளோடு 3டி காட்சியின் மாடல்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆக, ஆசிரியர் கேட்பது ஒரு சமூகம் தனக்கு வைத்துக்கொண்ட நெறி. அதைச் சட்டம் என்று சொன்னதுதான் பிழை. பொதுவகத்தில் நடைமுறையும் அப்படித்தான் இருக்கிறது, மூலம் இல்லாத ரெண்டர்களை அங்கே யாரும் தள்ளிவைப்பதில்லை, மூலத்தோடு தந்தால் சந்தோஷப்படுகிறார்கள். பாவ்-ரே போன்ற கருவியில் காட்சியே வெறும் எழுத்துக் கோப்புதான் என்பதால் சிலர் அந்த நிரலைப் படத்தின் விவரப் பக்கத்திலேயே ஒட்டிவிடுகிறார்கள். பிளெண்ட் கோப்பில் அப்படி ஒட்ட முடியாது, பொதுவகம் அந்த வகைக் கோப்பை ஏற்பதும் இல்லை.

சரி, கட்டாயம் இல்லை என்றால் ஏன் கொடுக்கச் சொல்கிறேன்?

என் அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு பாகப்பிரிவினை வழக்குக்காக மனையின் வரைபடம் ஒன்றைக் கணினியில் போட்டு வாங்கினோம். வரைந்தவர் படமாக மட்டும் அனுப்பினார், நாங்களும் வாங்கி வைத்துக்கொண்டோம். தாக்கல் செய்வதற்கு இரண்டு நாள் முன்புதான் பார்க்கிறேன், கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருக்கிறது. வரைந்தவர் வெளியூர் போய்விட்டார், அவருடைய கணினி பழுதாகி மூலக்கோப்பும் போய்விட்டது. இரண்டே இரண்டு சொற்களை மாற்றுவதற்கு முழுப் படத்தையும் வேறொருவரிடம் முதலிலிருந்து போட்டு வாங்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து என் அலுவலகத்தில் எந்தப் படம் வாங்கினாலும் மூலக்கோப்பும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

உங்கள் படத்துக்கும் இதுதான் நடக்கும். அணியம், அமரம் (பின்முனை) என்று தமிழில் எழுதுகிற பெயர்களை மலையாளத்தில் எழுத ஒருவர் விரும்புவார், அடிப்பக்கத்தைக் காட்ட இன்னொருவர் விரும்புவார், ஆழ்கடலுக்குப் போகும்போது இன்னொரு மரம் சேர்த்துக் கட்டுவோமே என்று உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரே சொல்லக்கூடும். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதில் எதையும் செய்ய முடியாது. "மாற்றிக்கொள்ளலாம்" என்று எழுதிக் கொடுத்தது காகிதத்தில் மட்டும் நிற்கும். அப்புறம், மாடலில் இருப்பது படத்தில் இருப்பதைவிட அதிகம். கயிறு எதன் மேல் போய் எதன் கீழ் வருகிறது என்பது ரெண்டரில் ஒரு பக்கம்தான் தெரியும், கோப்பில் சுற்றிப் பார்க்கலாம். கரைக்கு வந்ததும் கட்டைப் பிரித்து மரங்களைத் தூக்கிப்போய் உலர வைத்துவிட்டு மறுபடி கட்டுகிற வேலை அது, அந்தக் கட்டைச் செய்யத் தெரிந்த கைகள் நம் கரையில் குறைந்துகொண்டே வருகின்றன. நீங்கள் ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவிடமிருந்து எடுத்து வைத்திருப்பது அதைத்தான். உங்கள் ஒரே ஹார்டு டிஸ்கில் அது தனியாகக் கிடப்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

இப்படிச் செய்தவர்கள் உண்டு. பிளெண்டர் அமைப்பு 2006ல் வெளியிட்ட எலிஃபண்ட்ஸ் ட்ரீம் என்ற குறும்படத்தை, அதைத் தயாரித்த கோப்புகளோடு சேர்த்தே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்தார்கள்.

முதலாளி சொல்வது

நியமனக் கடிதத்தின் நகலை அனுப்பியது நல்லதாயிற்று. பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவர் அந்த வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர். இங்கே கவனிக்க வேண்டியது "அந்த வேலையின் பகுதியாக" என்பது. வீடுகளுக்கு 3டி படம் போடுவது உங்கள் வேலை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து கட்டுமரம் செய்வது அதில் வராது. லேப்டாப் யாருடையது என்பதை வைத்து உரிமை மாறிவிடாது. ஆபீஸ் பேனாவால் எழுதியதால் கவிதை ஆபீஸுக்குச் சொந்தமாவதில்லை. உங்கள் கடிதத்தில் சம்பளம், விடுப்பு, நோட்டீஸ் காலம் தவிர படைப்புரிமை பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால் கட்டுமர மாடல் உங்களுடையது என்பதே என் கருத்து.

ஆனால் முதல் இரண்டு மாதம் ஆபீஸ் லேப்டாப்பில் செய்தேன், வேலை நேரத்தில் கொஞ்சம் தொட்டிருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உரிமை மாறாவிட்டாலும் மனக்கசப்புக்கு இது போதும். வேலையும் வேண்டும் அல்லவா? அவரிடம் போய்ச் சட்டம் பேசாதீர்கள். "கட்டுமர மாடல் என் சொந்த முயற்சி, அலுவலக வேலையின் பகுதி அல்ல, இதை நான் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுவதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று பதில் போடுங்கள்" என்று தன்மையாக ஒரு மெயில் அனுப்புங்கள். ஒரு வரிப் பதில் வந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மறுத்து எழுதினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அதுவரை கோப்பை வெளியிட வேண்டாம். முதலாளி ஒரு விஷயத்தில் பாதி சரியாகவும் சொல்கிறார், அதுதான் அடுத்தது.

கோப்புக்குள் யார் யார் இருக்கிறார்கள்

இதுதான் நீங்கள் கேட்காத கேள்வி. ஸ்கிரீன்ஷாட்டில் உங்கள் காட்சியில் உள்ள பொருள்களின் பட்டியல் தெரிகிறது. கட்டுமரம், கயிறுகள், துடுப்பு உங்களுடையவை. மரத்தின் மேற்பரப்புக்கான டெக்ஸ்சர் (நிஜ மரம் போலத் தெரிய மாடலின் மேல் போர்த்தும் படம்), அலுவலகம் காசு கட்டி வைத்திருக்கும் ஒரு தளத்தின் கணக்கிலிருந்து எடுத்தது. துடுப்போடு நிற்கும் ஆள், வேறொரு தளத்தில் "இலவசம்" என்று போட்டிருந்ததால் இறக்கியது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதன் கீழே "சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்றும் இருந்திருக்கிறது.

விலைக்கு வாங்கும் டெக்ஸ்சர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: படத்தில் பயன்படுத்தலாம், ஆனால் மற்றவர்கள் பிரித்து எடுக்கக்கூடிய வடிவில் கைமாற்றக் கூடாது. பிளெண்ட் கோப்புக்குள் வைத்துக் கொடுத்தால் அதைத்தான் செய்கிறீர்கள், டெக்ஸ்சரை யார் வேண்டுமானாலும் இரண்டு சொடுக்கில் வெளியே எடுத்துவிடுவார்கள். அதுவும் அந்தக் கணக்கு அலுவலகத்தின் பெயரில் இருப்பதால், கேள்வி வந்தால் முதலில் உங்கள் முதலாளியிடம்தான் வரும். அவர் கோபத்தில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

அந்த மனித உருவம் இதைவிடச் சிக்கல். டெக்ஸ்சர் மூலக்கோப்புக்குத்தான் தொந்தரவு, உருவமோ நீங்கள் ஏற்கெனவே ஏற்றிய முழு மரப் படத்திலேயே நிற்கிறது. பை-எஸ்ஏ என்றால் யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அர்த்தம். உங்களுக்கே சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் கிடைத்த ஒன்றை நீங்கள் மற்றவர்களுக்கு அப்படி அனுமதிக்க முடியாது, உங்களிடம் இல்லாத உரிமையைக் கொடுத்ததாக ஆகிவிடும். பயப்பட வேண்டாம், தெரியாமல் நடந்தது, ஆனால் உடனே சரிசெய்ய வேண்டும். அந்த ஆளை எடுத்துவிட்டு, அல்லது நீங்களே ஓர் உருவம் செய்து வைத்து, மறுபடி ரெண்டர் செய்து அதே கோப்பின் புதிய பதிப்பாக ஏற்றுங்கள். பழைய பதிப்பை மறைத்துவிடச் சொல்லிக் காரணத்தோடு பொதுவக நிர்வாகிகளிடம் கேளுங்கள். அங்கே இப்படிக் கேட்பது வழக்கமான விஷயம்தான்.

மரத் தோற்றத்துக்கு பாலி ஹேவன், ஆம்பியன்ட்சிஜி தளங்களில் சிசி0 டெக்ஸ்சர்கள் கிடைக்கின்றன. சிசி0 என்றால் செய்தவர் தன் உரிமைகளையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டார், கோப்போடு சேர்த்துக் கொடுத்தாலும் கேட்பார் இல்லை. அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு படங்களையும் அதிலேயே மறுபடி ரெண்டர் செய்துவிட்டால் அலுவலகக் கணக்கின் நிழலே இல்லாமல் போகும்.

இன்னொன்று, இது சட்டம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அப்பா கயிறு கட்டும் போட்டோக்களைப் பார்த்து வரைவதற்காகக் காட்சியின் பின்னணியில் வைத்திருக்கிறீர்கள், ஸ்கிரீன்ஷாட்டின் ஓரத்தில் அவர் கையும் பனியனும் தெரிகிறது. கோப்பைப் பேக் செய்து (டெக்ஸ்சர், போட்டோ எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயே சேர்த்து) கொடுத்தால் அந்தப் போட்டோக்களும் கூடவே போகும். அவரைக் கேட்டு, சரி என்றால் வையுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். திரையில் தெரியாமல் உள்ளே தங்கிவிட்ட பழைய பொருள்களும் இருக்கும், பிளெண்டரின் ஃபைல் மெனுவில் கிளீன் அப்பில் உள்ள பர்ஜ் வசதியை ஓட்டினால் அவை போய்விடும். டெக்ஸ்சர் இருக்கும் ஃபோல்டர் பாதைகளும் கோப்பில் பதிந்திருக்கும், அதில் உங்கள் பெயரோ வாடிக்கையாளர் பெயரோ இருந்தால் வெளியே தெரியும். எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகு கடைசியாகப் பேக் ரிசோர்சஸ் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆசிரியர் திறக்கும்போது மரமெல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரியும், உங்களுக்கு இன்னொரு சூடான மெயில் வரும்.

எந்த உரிமம், பொம்மை விற்றால் என்ன

பிளெண்ட் கோப்புக்கு எந்த உரிமம் என்று முடிவு செய்வது முழுக்க உங்கள் கையில். படத்துக்குப் போட்டதையே போட வேண்டும் என்று இல்லை, உங்கள் உரிமம் மற்றவர்களைத்தான் கட்டும், உரிமையாளரான உங்களைக் கட்டாது. "வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற உரிமத்தைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், உங்கள் இஷ்டம், ஆனால் அது கட்டற்ற உரிமம் ஆகாது, பொதுவகமும் அதை ஏற்காது, அந்தக் கோப்பிலிருந்து ஆசிரியர் செய்யும் புதிய படத்தையும் அங்கே ஏற்ற முடியாமல் போகும். ஒரு சின்னப் பதிப்பகம் பாடநூலில் போட வேண்டும் என்றாலும் தயங்கும். பொம்மைக்காரரைத் தடுக்கப் போய் ஆசிரியரைத் தடுத்ததாக ஆகிவிடும். என் யோசனை, படத்துக்கு இருக்கும் அதே பை-எஸ்ஏ 4.0 கோப்புக்கும் இருக்கட்டும்.

பொம்மையைப் பற்றி உங்களோடு வேலை செய்பவர் சொல்வது நடக்கக்கூடியதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். யாராவது உங்கள் மாடலை 3டி பிரிண்டரில் போட்டு விற்றால் உங்களுக்குப் பங்கு வராது. உங்கள் பெயரையும் உரிமத்தையும் சொல்லி விற்க வேண்டும், மாடலை மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், அதோடு சரி. தன் மூலக்கோப்பை உங்களுக்குத் தர வேண்டிய கட்டாயம் அவருக்கும் இல்லை, உங்களுக்கு எது பொருந்துகிறதோ அது அவருக்கும் பொருந்தும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள், மரங்களைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிடும் அந்த யோசனையும் வடிவமும் தலைமுறை தலைமுறையாக வருவது, அதில் யாருக்கும் பதிப்புரிமை இல்லை. கோப்பே கொடுக்காவிட்டாலும் ஒரு தச்சர் கட்டுமரப் பொம்மை செய்து விற்கத்தான் போகிறார். நீங்கள் பாதுகாக்க முடிவது உங்கள் மாடலை மட்டும்தான்.

பெயர் போடாமல் பயன்படுத்தினால் அவருக்குக் கிடைத்த அனுமதி அந்த இடத்திலேயே தானாக முடிந்துவிடும், அதன் பிறகு அது சாதாரண பதிப்புரிமை மீறல். 4.0 பதிப்பில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு, தவறு தெரிந்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் அனுமதி தானாகத் திரும்பிவிடும். அதனால் எடுத்ததும் நோட்டீஸ் விடாமல் ஒரு மெயில் போடுங்கள், பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்கவே மாட்டேன் என்று நிற்பவர் மேல் வழக்குப் போட, 62ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்துக்கே போகலாம், அவர் ஊரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

உரிமத்தைத் திரும்ப வாங்குவது மட்டும் முடியாது. படங்களுக்குக் கொடுத்த அனுமதி திரும்பப் பெற முடியாதது என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் பொதுவகத்திலிருந்து எடுத்துவிட்டாலும், ஏற்கெனவே எடுத்தவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம். கோப்புக்கும் இதே விதிதான் என்பதால், வெளியிடும் முன் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

எங்கே வைப்பது, என்ன எழுதுவது

கோப்பை இன்டர்நெட் ஆர்க்கைவிலோ செனோடோவிலோ வைக்கலாம். எனக்கு செனோடோ பிடிக்கும், செர்ன் ஆய்வகம் நடத்துவது, ஒவ்வொரு பதிவுக்கும் நிரந்தர அடையாள எண் தருகிறது, 50 ஜிபி வரை இடம் உண்டு. கிட்ஹப்பும் நல்லதுதான், ஆனால் 100 எம்பிக்கு மேலான கோப்பை அங்கே நேரடியாக ஏற்ற முடியாது, டெக்ஸ்சரோடு பேக் செய்தால் உங்கள் கோப்பு அதைத் தாண்டிவிடலாம். எங்கே வைத்தாலும் அந்த இணைப்பைப் பொதுவகத்தில் மூன்று படங்களின் விவரப் பக்கத்திலும் போட்டுவிடுங்கள். பொதுவகம் எஸ்டிஎல் வகை 3டி கோப்பை ஏற்பதால் கட்டுமரத்தின் வடிவத்தை மட்டும் அப்படியும் ஏற்றிவைக்கலாம், நிறமும் டெக்ஸ்சரும் வராது, ஆனால் பிளெண்டர் இல்லாத பள்ளியிலும் உலாவியிலேயே சுற்றிப் பார்க்கலாம்.

கூடவே ஒரு சின்ன எழுத்துக் கோப்பு வையுங்கள். கட்டுமர மாடல், கயிறுகள், துடுப்பு இன்னாருடையவை, பை-எஸ்ஏ 4.0, மர டெக்ஸ்சர் இந்தத் தளத்திலிருந்து, சிசி0, பிளெண்டரின் இந்தப் பதிப்பில் செய்தது, இந்தக் கேமராவிலிருந்து எடுத்ததுதான் பொதுவகத்தில் இருக்கும் இந்தப் படம். இந்த நாலு வரி போதும். கோப்பு கையில் இருந்தும் எது யாருடையது என்று தெரியாமல் பயன்படுத்தத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர்.

ஆசிரியருக்கு இன்றைக்கே ஒரு பதில் போட்டுவிடுங்கள், மூன்று மாதமாகக் காத்திருக்கிறார். "ஐயா, உரிமப்படி கோப்பைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன், ஆனாலும் தர விருப்பம்தான். அதில் மற்றவர்களுடைய பொருள்கள் கலந்திருப்பதால் மாற்றிவிட்டு அனுப்புகிறேன், அதுவரை அடிப்பக்கம் தெரியும்படி ஒரு படம் எடுத்து இணைத்திருக்கிறேன்" என்று எழுதினால் போதும். அந்த ஆளும் அலுவலக டெக்ஸ்சரும் இல்லாமல் மரத்தை மட்டும் திருப்பிப் போட்டு ஒரு ரெண்டர் எடுக்க உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகுமா?

அப்பாவின் பெயரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாடலைச் செய்தவர் நீங்கள் என்பதால் சட்டப்படி படைப்பாளி நீங்கள்தான், சொல்லிக்கொடுத்தவருக்குப் பதிப்புரிமை வராது. ஆனால் பெயர் குறிப்பிடும் வரி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, நியாயமான முறையில் அதன்படியே மற்றவர்களும் பெயர் சொல்ல வேண்டும் என்கிறது உரிமம். அதனால் பொதுவகத்திலும் அந்த எழுத்துக் கோப்பிலும் படைப்பாளியைக் குறிப்பிடும் இடத்தில் உங்கள் பெயரை எழுதி, அதை ஒட்டியே, அவருக்குச் சம்மதமென்றால், "கட்டும் முறை சொல்லிக்கொடுத்தவர்" என்று அவர் பெயரையும் தேவனாம்பட்டினம் என்று ஊரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.